அந்தக் கறையை நீங்களே நனைத்து எடுங்கள்

வீட்டுக்குள் பறவை வளர்க்கும் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாலையானால் ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, கூண்டைத் திறந்துவிடுகிறவர்கள் நீங்கள். திரைச்சீலைக் கம்பியில் ஒன்று, அலமாரியின் மேல் ஒன்று என்று அவை உட்கார்ந்து கத்துவதைப் பார்க்கும்போது அன்றைய அலுப்பெல்லாம் போய்விடும். எனக்கும் அப்படித்தான். இறக்கையை வெட்டிக் கூண்டிலேயே அடைத்து வைப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் கூண்டை மூடியபிறகு கூடத்துக் கம்பளத்தில் ஏழெட்டு இடங்களில் வெள்ளையும் பச்சையுமாக எச்சம் கிடக்கிறதே, அதை உங்கள் வீட்டில் யார் எடுக்கிறார்கள்? எப்போது எடுக்கிறார்கள்? எதைக் கொண்டு எடுக்கிறார்கள்? இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் இரண்டு காக்கட்டீல்கள் இருக்கின்றன. கூடத்தில் விரித்திருப்பது, அப்பா ராணுவத்தில் இருந்தபோது ஸ்ரீநகரில் வாங்கி ரயிலில் சுருட்டிக்கொண்டு வந்த கம்பளிக் கம்பளம். ஈரமான எச்சத்தைத் தொட்டால் அப்பிக்கொள்ளும், காயட்டும், காலையில் அக்கா பார்த்துக்கொள்வார் என்பது எங்கள் வழக்கமாக இருந்தது. அக்கா ஒன்பது வருடமாக எங்கள் வீட்டில் வேலை செய்பவர். ஏழரை மணிக்கு வருவார். காய்ந்து கெட்டித்துப்போன எச்சத்தை நகத்தால் சுரண்டுவார். பிறகு விளக்குமாற்றின் அடிப்பக்கத்தால் தேய்ப்பார். கடைசியில் கம்பளத்தைத் தூக்கிப் பால்கனிக் கம்பியில் போட்டு நாலு தட்டு தட்டுவார்.

போன மார்கழியில் ஒருநாள் உடம்பு முடியாமல் நான் வீட்டில் இருந்தேன். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. அக்கா தேய்க்கத் தேய்க்க அந்த வெயிலுக்குள் மாவுபோல ஒரு வெள்ளைத் தூசி எழும்பி, அவருடைய முகத்தின் உயரத்தில் சுழன்றுகொண்டே நின்றது. அவர் முந்தானையால் மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டியிருந்தார். "எப்பவும் இப்படித்தான் கட்டிப்பீங்களாக்கா?" என்று கேட்டேன். "கட்டலேன்னா தொண்டை கரகரங்குதும்மா" என்றார். எவ்வளவு நாளாக என்று கேட்டேன். "குருவிங்க வந்ததுலேருந்து" என்றார்.

குருவிகள் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்த மூன்று வருடமும் காலை ஏழரைக்கு நான் சமையலறையிலோ குளியலறையிலோ இருந்திருக்கிறேன். பாத்திரம், துணி, பெருக்குவது, துடைப்பது என்று பேசித்தான் அவருக்குச் சம்பளம் வைத்தோம். பறவை எச்சம் அந்தப் பேச்சில் இல்லவே இல்லை. இந்த வேலையைச் செய்கிறீர்களா என்று அவரிடம் ஒருமுறைகூட நாங்கள் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் கேட்டீர்களா?

"காய்ந்தால் தானாக உதிர்ந்துவிடும்" என்று நம்மில் பலரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். உதிர்வது உண்மைதான். உதிர்ந்தது எங்கே போகிறது என்பதை மட்டும் நாம் பேசுவதில்லை. பறவை நம்மைப்போல் சிறுநீரைத் தனியாகக் கழிப்பதில்லை. கிளிகளுக்குச் சிறுநீர்ப்பையே கிடையாது. உடம்புக் கனத்தைக் குறைத்துக்கொள்ள அவ்வப்போது கழித்துவிடும். ஒரு சின்ன லவ் பேர்டு நாளொன்றுக்கு 40, 50 முறை எச்சமிடும். அதில் பச்சையாகச் சுருண்டிருப்பது மலம். சுற்றிலும் தண்ணீராகப் பரவுவது சிறுநீர். வெண்ணிறக் களிம்பு யூரிக் அமிலம். ஒரு லிட்டர் தண்ணீரில் உப்பு 350 கிராமுக்கு மேல் கரையும். யூரிக் அமிலமோ சுமார் 60 மில்லிகிராம்தான் கரையும். அதனால்தான் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றித் துடைத்தால் பச்சை போய் வெள்ளை நிற்கிறது. காய்ந்தபின் அந்த வெள்ளைதான் முதலில் மாவாகிறது. நீங்கள் கறை என்று நினைப்பதில் ஒரு பகுதி, தேய்க்கும்போது கம்பளத்தை விட்டுக் காற்றுக்கு வந்துவிடுகிறது. குனிந்து தேய்ப்பவரின் மூக்கு அந்த இடத்திலிருந்து ஒரு முழம்கூடத் தள்ளி இல்லை.

அந்தக் காற்றில் என்ன இருக்க முடியும் என்பதை ஒரு பழைய சம்பவத்தைக் கொண்டு சொல்கிறேன். 1929ஆம் ஆண்டுக் கடைசியிலும் 1930 தொடக்கத்திலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கிளிக்காய்ச்சல் பரவியது. தென்னமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்து கிறிஸ்துமஸ் பரிசாக வீடுகளுக்குப் போன கிளிகளோடு அது வந்தது. வாஷிங்டனில் அரசின் சுகாதார ஆய்வுக்கூடத்தில் சார்லஸ் ஆம்ஸ்ட்ராங் என்ற மருத்துவர் நோய்ப்பட்ட கிளிகளை வைத்து ஆராய்ந்தார். அவருக்கு உதவியாளர் ஹென்றி ஆண்டர்சன். இருவரும் நோயில் விழுந்தார்கள். ஆம்ஸ்ட்ராங் பிழைத்தார். ஆண்டர்சன் 1930 பிப்ரவரியில் இறந்தார். அதே கட்டடத்தில் கிளிகளின் பக்கமே போகாத பணியாளர்களுக்கும் நோய் வந்தது. கிளி யாரையும் கடிக்க வேண்டியிருக்கவில்லை. காய்ந்த எச்சத்தின் தூசியும் இறகுத் தூசியும் காற்றில் போனதே போதுமானதாக இருந்தது. நோய்க்குக் காரணமான பாக்டீரியாவுக்கு இன்றைய பெயர் கிளமிடியா சிட்டசி. நோயுள்ள பறவையைத் தொட வேண்டியதுகூட இல்லை, அதன் கூண்டைச் சுத்தம் செய்கிற இடத்தில் மூச்சு விட்டால் போதும் என்பதை மருத்துவ உலகம் அப்போதே தெரிந்துகொண்டது.

இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. இன்று அந்த நோய் அரிது. நேரத்தில் கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின் கொடுத்துக் குணமாக்கிவிடலாம். பயப்படுவதாக இருந்தால் என் இரண்டு பறவைகளையும் என் மெத்தையிலேயே ஏறி விளையாட விடமாட்டேன். எனக்குக் கவலை தருவது இன்னொன்று. பறவைத் தூசியில் உள்ள புரதங்களை வருடக்கணக்காகச் சுவாசிப்பவர்களில் சிலருடைய நுரையீரல் அவற்றுக்கு எதிராகத் திரும்பிக்கொள்ளும். முதலில் வறட்டு இருமல், பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது. தூசியை விட்டு விலகாமலே இருந்தால் நுரையீரலில் தழும்பு விழும். அந்தத் தழும்பை எந்த மருந்தும் திருப்பி எடுக்காது. பறவை வளர்ப்பவர்களுக்கு வரும் நோய் என்றுதான் மருத்துவர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் பறவையை வளர்ப்பவர் ஒருவர், தூசியைச் சுவாசிப்பவர் வேறொருவர். இருமலோடு மருத்துவரிடம் போகும்போது "வீட்டில் பறவை வளர்க்கிறீர்களா?" என்று கேட்டால் அக்கா இல்லை என்றுதான் சொல்வார். அவர் வீட்டில் பறவை இல்லையே.

"இத்தனை வருஷம் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். சொன்னவர்களைப் பார்த்துமிருக்கிறேன். தூசி எழும்போது நீங்கள் அந்த அறையில் இருந்தீர்களா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு தவறும் நம் வீடுகளில் நடக்கிறது. கறை போகவில்லை என்றதும் குளியலறையில் இருக்கும் ஆசிட்டையோ பினாயிலையோ பிளீச்சையோ எடுத்து அக்காவின் கையில் கொடுப்பது. நான் ஒருமுறை இன்னும் ஒருபடி மேலே போய், கம்பளத்தைத் துவைத்துத் தரும் ஒரு கடைக்கே அனுப்பினேன். பளிச்சென்று திரும்பி வந்தது. இரண்டு வாரத்தில் எச்சம் விழுந்திருந்த இடங்களெல்லாம் மஞ்சளாகி, விரலால் தடவினால் நூல் கையோடு வந்தது. அங்கே பிளீச் போட்டிருக்க வேண்டும். கம்பளி என்பது புரதம். பிளீச் கரைசல் அதை முதலில் மஞ்சளாக்கும், பிறகு கரைத்தே விடும். ஒரு துண்டுக் கம்பளி நூலைப் பிளீச்சில் போட்டு வையுங்கள், சில மணி நேரத்தில் நூல் இருக்காது. கறை நீக்கும் நொதி கலந்த சலவைத் தூள்களும் அப்படித்தான். பருத்தித் துணியில் இருக்கும் ரத்தத்தையும் குழம்பையும் தின்கிற நொதிக்குக் கம்பளியும் பட்டும் ஒரே தீனிதான். பிளீச்சையும் ஆசிட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். இதைப் படிக்கிற ஒருவராவது அதைச் செய்திருப்பீர்கள்.

வாயு கிளம்பினால் நாம் கதவைத் திறந்து வெளியே போய்விடலாம். கூண்டில் இருப்பது எங்கே போகும்? பறவையின் நுரையீரலோடு ஒன்பது காற்றுப்பைகள் சேர்ந்திருக்கின்றன. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதுக்காற்று நுரையீரல் வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். பறப்பதற்கு அவ்வளவு பிராணவாயு வேண்டும். விஷக்காற்று இருந்தால் அதுவும் அதே வேகத்தில் உள்ளே போகும். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரை கனாரிக் குருவிகளைக் கூண்டில் கொண்டுபோனார்களே, காரணம் இதுதான். மனிதனுக்குத் தலை சுற்றுவதற்கு முன்னால் குருவி விழுந்துவிடும். காலியாகக் காய்ந்த நான்ஸ்டிக் வாணலியின் புகைக்கே கூடத்தில் இருக்கும் பறவை செத்துப்போவது உண்டு. அதன் எச்சத்தைத் துடைப்பதற்காக அதன் மூக்கடியில் பினாயிலை ஊற்றுகிறோம்.

சரி, வேறு எப்படி எடுப்பது? இத்தனை மாதம் நானே எடுத்துக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். எல்லாவற்றிலும் முக்கியமான பொருள், இஸ்திரி போடுகிறவர் துணிக்கு நீர் தெளிப்பாரே, அந்தத் தெளிப்பான் பாட்டில். காய்ந்த எச்சத்தை நனைக்காமல் தொடாதீர்கள். நன்றாக ஈரமாகும்வரை தெளித்து, மேலே ஒரு நனைந்த துணியைப் போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். வெந்நீர் வேண்டாம், சூட்டில் புரதம் நூலோடு இறுகிவிடும். குளிர்ந்த தண்ணீரோ கைபொறுக்கும் இளஞ்சூடோ போதும். வெள்ளைக் களிம்பு கரையாது என்றேன், ஆனால் ஊறினால் இளகும். இளகியதைக் காலாவதியான ஏ.டி.எம். கார்டின் விளிம்பால் வெளியிலிருந்து உள்நோக்கித் தள்ளி, அள்ளிச் செய்தித்தாளில் போட்டு மடித்துவிடுங்கள். மாலையில் விழுந்தவுடன் பார்த்தீர்களானால் இன்னும் எளிது. அமுக்காமல், அதே கார்டை அடியில் கொடுத்து ஏந்தி எடுத்துவிட்டால் பச்சையும் வெள்ளையும் சேர்ந்தே வந்துவிடும், ஈரத்தடம் மட்டும் நிற்கும்.

அதன்பிறகுதான் துணி. பழைய வேட்டித் துணியைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. சாயமில்லாதது, தண்ணீரைக் குடிக்கும். மடித்து வைத்து அழுத்துங்கள், எடுங்கள், துணியின் புதுப் பக்கத்தைத் திருப்பி மறுபடி அழுத்துங்கள். ஒற்றி எடுப்பது மட்டும்தான். தேய்க்கக்கூடாது. கம்பளி நூலில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. ஈரத்தில் தேய்த்தால் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு முடிச்சாகி, அந்த இடம் சடை பிடித்த முடிபோல் ஆகிவிடும். பிறகு கறை போனாலும் தடம் போகாது. தடம் மிச்சம் இருந்தால் பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கிய தண்ணீரில் துணியை நனைத்து ஒற்றுங்கள். பட்டையும் கம்பளியையும் அலச நம் வீட்டுப் பெரியவர்கள் வைத்திருந்தது அதுதான். அதில் நெடியோ புகையோ இல்லை, பறவைக்கும் துன்பமில்லை. அது கிடைக்காதவர்கள் குழந்தைகளுக்கான ஷாம்பூ இரண்டு சொட்டை ஒரு குவளைத் தண்ணீரில் கலந்துகொள்ளுங்கள். எதுவானாலும் சோபாவுக்கு அடியில் மறைந்திருக்கும் ஓரத்தில் முதலில் ஒற்றிப் பாருங்கள், சாயம் துணியில் ஏறினால் நிறுத்திவிடுங்கள். கடைசியில் வெறும் தண்ணீரால் ஒற்றி, உலர்ந்த துணியை வைத்து மேலே கனமான புத்தகம் ஒன்றை வைத்துவிட்டு, மின்விசிறியைப் போட்டுவிடுங்கள். ஈரம் அடியிலேயே நின்றால் பூஞ்சை பிடிக்கும்.

பவானி ஜமக்காளம் விரித்திருப்பவர்களுக்கு வேலை பாதி. அது பருத்தி, சாதாரண சோப்பு நீரைத் தாங்கும், வெயிலில் உலர்த்தலாம். சாயம் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். பறவை பறக்கும் அறைக்குக் கம்பளத்தைவிட ஜமக்காளமே மேல் என்பது என் தீர்ப்பு. எங்கள் ஸ்ரீநகர் கம்பளம் இப்போது மாலை ஐந்து மணிக்குச் சுருட்டப்பட்டுவிடும்.

வாக்குவம் கிளீனர் இருக்கிறதே என்பீர்கள். சாதாரண இயந்திரம் முன்பக்கம் உறிஞ்சியதில் மிக நுண்ணிய தூசியைப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே ஊதிவிடும். காய்ந்த எச்சத்துக்கு அதுவும் வேண்டாம், விளக்குமாறும் வேண்டாம். முதலில் நீர்.

நீங்களே எடுக்கத் தொடங்கினால் உங்களுக்கு இன்னொன்று கிடைக்கும். பறவை நோயை மறைத்து வைக்கும் பிராணி. காட்டில் பலவீனத்தைக் காட்டியது முதலில் இரையாகும் என்பதால் முடியாத கடைசி நாள்வரை கம்பியில் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருக்கும். எச்சத்தால் மட்டும் மறைக்க முடியாது. வெள்ளையாக இருக்க வேண்டியது மஞ்சளாகவோ பச்சையாகவோ தொடர்ந்து வந்தால் கல்லீரல் கெட்டிருக்கலாம். ரத்தம் கலந்து கறுத்தாலோ, முழுத் தானியம் செரிக்காமல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். பீட்ரூட் தின்றால் சிவக்கும், வெள்ளரிக்காய் தின்றால் நீர்க்கும், காலையின் முதல் எச்சம் பெரிதாக இருக்கும், இவையெல்லாம் இயல்பு. என் பறவைகளில் ஒன்றுக்கு வந்த கோளாறை நான் கண்டுபிடித்தது கம்பளத்தின்மேல் குனிந்திருந்தபோதுதான். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன், பிழைத்துக்கொண்டது. முந்தைய மூன்று வருடங்களைப்போல் அக்கா சுரண்டிப் போட்டிருந்தால் அந்த மாற்றம் எனக்குத் தெரிந்திருக்காது. அவருக்குத் தெரிந்திருக்கலாம், ஆனால் அவரிடம் நான் எதைக் கேட்டேன், இதைக் கேட்க?

கறைக்கு அஞ்சிப் பறவையையே வேண்டாமென்று முடிவெடுப்பவர்களும் உங்களில் இருக்கிறார்கள். ஒரு நல்ல காரியம்போல மொட்டைமாடியில் கூண்டைத் திறந்துவிட்டு வருகிறார்கள். லவ் பேர்ட்ஸ் என்று நாம் அழைக்கும் பட்ஜி ஆஸ்திரேலியப் பறவை. கூண்டிலேயே பிறந்து வளர்ந்ததற்கு இங்கே இரை தேடத் தெரியாது. காக்கைகள் அதை மாலைக்குள் கண்டுபிடித்துவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நம்முடைய பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருப்பவர்களுக்கு வேறு சொல்ல வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

அக்காவை மருத்துவரிடம் அழைத்துப்போனோம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் நன்றாக இருக்கிறது என்றார்கள். எச்ச வேலையை நிறுத்திய இரண்டாவது மாதம் தொண்டைக் கரகரப்பு நின்றுவிட்டது என்று அவரே சொன்னார். இப்போது முந்தானை இடுப்பில்தான் இருக்கிறது.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. பத்து நிமிட வேலை. பறவையின்மேல் உங்களுக்கு இருக்கும் பிரியத்தைப் பார்த்திருக்கிறேன், தினை வாங்க ஞாயிற்றுக்கிழமை வெயிலில் பிராட்வே வரை போகிறவர்கள் நீங்கள். அந்தப் பிரியத்தில் விழுகிற எச்சத்தை, பறவையைத் தேர்ந்தெடுக்காத ஒருவர் மூச்சில் வாங்க வேண்டாம். அவராகவே செய்கிறேன் என்றாலும் விடாதீர்கள். வேறு வழியே இல்லாத முதியவர்கள், உடல் முடியாதவர்கள் இருந்தால், அதைத் தனி வேலையாகப் பேசித் தனிச் சம்பளம் கொடுங்கள். கையுறையும் என்95 முகக்கவசமும் நீரும் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்று எப்படி என்று காட்டுங்கள். தவழும் குழந்தை இருக்கும் வீடுகளில் இன்னும் கண்டிப்பாக இருங்கள்.

இன்று இரவு கூண்டை மூடியதும் ஒரு தெளிப்பான் பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கூண்டுக் கம்பியிலேயே மாட்டிவிடுங்கள். நாளைக் காலை அக்கா கதவைத் தட்டுவதற்கு முன்னால் கம்பளத்தில் எதுவும் காய்ந்து கிடக்கக் கூடாது.

இப்படிக்கு,
இரண்டு காக்கட்டீல்களை வளர்க்கும் உங்களில் ஒருத்தி,
சென்னை